கண்மாய் நடுவில் ஒரு டியூப் லைட்

என் மனைவிக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படித்தான். பேச்சும் வராது என்பார்கள். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையால் பேசுவாள், புருவத்தால் பேசுவாள், கோபம் வந்தால் தோளால்கூடப் பேசுவாள். 'பாவம், வாயில்லாத புள்ள' என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று வரும். அவளிடம் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு பார்த்தால் தெரியும், யார் பாவம் என்று.

எங்கள் பேச்சுக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். மற்ற வீடுகளில் கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், டிவி நிற்கும். எங்கள் வீட்டில் பேச்சு நிற்கும். கல்யாணமான புதிதில், அதாவது கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத அந்த வருஷங்களில், பாதிச் சண்டையில் கரண்ட் போய்விட்டால் மீதிச் சண்டைக்காக இருவரும் இருட்டில் காத்திருந்ததும் உண்டு. வெளிச்சம் வரும்போது பெரும்பாலும் கோபம் போயிருக்கும்.

அவள் என் தாய்மாமன் மகள். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். எங்களுக்குத் திருவாதவூர்ப் பக்கம். மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் ஐடிஐ முடித்துவிட்டு வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமா வீட்டுக்கு வயரிங் செய்யப் போனபோது ஒயர் ஓடுவதற்காகச் சுவரில் நான் அடித்த மரப்பட்டி ஒரு விரல்கடை சாய்ந்திருந்ததைக் கட்டைவிரலாலும் புருவத்தாலும் எனக்குச் சொன்னவள் அவள்தான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. இரக்கப்பட்டுக் கட்டிக்கொண்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பட்டியை நான் பிடுங்கி மறுபடி அடித்த கதை ஊருக்குத் தெரியாது.

கல்யாணத்தை முடித்துவைத்தது என் அம்மா. "எங்கண்ணன் மகள அசல்ல குடுத்துட்டு எனக்குச் சோறு எறங்குமா?" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படி ஆசைப்பட்டுக் கொண்டுவந்த மருமகளிடம் அம்மாவுக்குப் பேசத் தெரியவில்லை. கொடுமையெல்லாம் இல்லை. முதலில் சத்தமாகப் பேசிப் பார்த்தாள், பிறகு இன்னும் சத்தமாக. அப்புறம் விட்டுவிட்டாள். வாயருகே விரல் குவித்தால் சோறு, கட்டைவிரலைச் சாய்த்தால் தண்ணீர், நெற்றிக்குப் பக்கத்தில் விரலை வளைத்தால் மாடு. அவ்வளவுதான் அம்மாவின் பாஷை. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அம்மா சில நேரம் பெருமூச்சோடு சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பகலெல்லாம் நான் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் அண்ணன், அண்ணி, அம்மா. யாரும் அவளை ஒதுக்கவில்லை, யாரும் அவளோடு பேசவுமில்லை. பொழுது சாய்ந்து நான் வந்தால் கரண்ட் இருக்காது. இருக்கிற ஒரே எமர்ஜென்சி லைட்டும் அடுப்படியில் இருக்கும், மொத்தக் குடும்பமும் அதைச் சுற்றி இருக்கும். அதன் கீழே நாங்கள் கையை அசைத்தால் எல்லாரும் கூத்துப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மற்ற புருஷன் பெண்டாட்டிக்குக் குசுகுசுவென்று பேச இருட்டே போதும். எங்களுக்கு ரகசியம் பேசக்கூட விளக்கு வேண்டியிருந்தது. அவள் நாளுக்கு நாள் கைகளை மடியில் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "இந்த வீட்டில் எனக்கு மூன்று வார்த்தைதான். சோறு, தண்ணீர், மாடு." அதைக் கேட்டு எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருஷம் அண்ணனும் பங்காளிகள் இருவரும் சேர்ந்து எங்கள் கண்மாயின் மீன் குத்தகையை எடுத்திருந்தார்கள். மதுரைப் பக்கம் படகா என்று கேட்காதீர்கள். நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்தால், குஞ்சு விடவும், வலை போடவும், திருட்டு வலை போடுகிறவர்களைத் துரத்தவும் ஒரு படகு வேண்டும். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து அண்ணன் சாப்பிட்டு வரும்வரை காவல் என்னுடைய முறை. நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். "மாப்ள பொண்டாட்டியக் கப்பல்ல ஊர்கோலம் கூட்டிட்டுப் போறாரு" என்று கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். கண்மாய் நடுவில் எங்களைப் பார்க்க ஆள் இல்லை.

ஆனால் அங்கேயும் வெளிச்சம்தான் தகராறு. என்னிடம் டார்ச் இருந்தது. டார்ச்சைப் பிடித்தால் ஒரு கைதான் மிச்சம், பாதிப் பேச்சுதான் வரும். அவள் பேசும்போது நான் அவள் கைமேல் அடிக்க வேண்டும், நான் பேசும்போது அவளிடம் கொடுக்க வேண்டும். முகத்தில் அடித்தால் கண் கூசும், கையில் அடித்தால் முகம் தெரியாது. முகமில்லாமல் எங்கள் பேச்சில் பாதி அர்த்தம் போய்விடும்.

கோரிப்பாளையத்தில் பழைய பேட்டரி விற்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய் ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி கேட்டேன். "எதுக்கு மாப்ள, ஆட்டோவுக்கா?" என்றார். படகில் டியூப் லைட் எரிக்க என்றேன். "ஒரு பல்பப் போட்டுட்டுப் போவியா!" என்றார். பல்பு ஒரு பக்கமாக அடிக்கும், விரலின் நிழல் விரல்மேலேயே விழும், எது எந்த விரல் என்று தெரியாது. டியூப் லைட்டின் வெளிச்சம் மாவு பூசியது மாதிரி எல்லா விரலிலும் ஒன்றாகப் படியும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலெடுத்திருந்த பேட்டரியைக் கீழே வைத்தார். "இன்ஷா அல்லா, நல்லா எரியும்" என்று சொல்லி, இருந்ததிலேயே நல்ல பேட்டரியாகத் தூக்கிக் கொடுத்தார்.

பேட்டரி கரண்டில் டியூப் எரிய வேண்டுமானால் நடுவில் அதற்கென்று ஒரு சின்ன சர்க்யூட் சோக் வேண்டும். எமர்ஜென்சி லைட்டுக்குள் இருப்பதுதான். குறைந்த வோல்டேஜில் ஒயர் மெலிதாக இருந்தால் டியூப்புக்குப் போய்ச் சேருமுன்பே கரண்ட் ஒயரிலேயே செத்துவிடும். அதனால் தடிமனான ஒயராகப் பார்த்து, அதையும் நீளம் குறைத்துப் போட்டேன். பின்பலகைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் பேட்டரி. இரண்டு மூங்கிலை நட்டுத் தலை உயரத்தில் குறுக்கே டியூப். முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் ஓரங்களில் சிவந்து, இரண்டு தடவை சிமிட்டி, பளிச்சென்று பிடித்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினாள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் கைதட்டுவது அப்படித்தான். அதன்பின் அவள் பேசிய பேச்சு இருக்கிறதே, துடுப்புப் போட எனக்குக் கை இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லச் சொன்னாள். படகு அதன்போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தம் போட்டார்.

"காவலுக்குப் போறவன் எவனாச்சும் வெளக்கப் போட்டுக்கிட்டு உக்காருவானாடா? திருட்டுப் பயலுக்கு நீயே வெலாசம் குடுத்த மாதிரி இருக்கு. அம்புட்டு மீனும் போச்சுன்னா நீயா குடுப்ப?"

"நீ வார வரைக்கும்தானண்ணே எரியிது. அப்புறம் நீ இருட்டுலயே இரு."

"ஒரு லைட்டுக்கு இம்புட்டு பேச்சாடா?"

"அது லைட்டு இல்லண்ணே. அவ வாயி. ஒன் பொண்டாட்டி வாயக் கட்டிப் போட்டுட்டு நீ காவலுக்குப் போவியா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மா மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் சண்டைக்குள் அவள் வரவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

அப்படியே தை பிறந்தது. படகில் பேச்சு இருந்தாலும் பகல் அவளைத் தின்றுகொண்டிருந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையிலிருந்து வீடு நிறைய ஆள். சொந்தக்காரர்கள் வந்து அவள் தலையைத் தடவிவிட்டு என்னிடம் பேசினார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். மாடு, டிராக்டர், மண்வெட்டி, பம்புசெட், கரையில் இழுத்துப் போட்டிருந்த படகு, எதையும் விடவில்லை. சாயங்காலம் ஊரே மைதானத்தில் இருந்தது. திருவிழா நாளில்தான் திருட்டு வலை விழும் என்பதால் நான் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அவளும் வந்தாள். டார்ச்சை வாங்கிக்கொண்டு அண்ணன் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் ஒரு சுற்றுப் பார்க்கப் போனார். என் போன் பம்புசெட் அறையில் சார்ஜில் கிடந்தது.

கண்மாய் நடுவுக்குப் போனதும் லைட்டைப் போட்டேன். வழக்கத்தைவிட மங்கலாக எரிகிற மாதிரி இருந்தது. அவள் என் எதிரே உட்கார்ந்து, என் முழங்காலைத் தட்டிக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நாளைக்கு நான் அப்பா வீட்டுக்குப் போகிறேன்" என்றாள். கையை மறுபடியும் உயர்த்தினாள். டியூப் லைட் ஓரங்களில் சிவந்து, துடித்து, அணைந்துவிட்டது.

அமாவாசையை ஒட்டிய நாள். ஒன்றுமே தெரியவில்லை. பேட்டரியின் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஈயக் கம்பில் மாட்டியிருந்த கிளாம்பைத் தடவிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. சோக் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். எதிரே அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாளா, சொல்லி முடித்துவிட்டாளா, அழுகிறாளா, தெரியவில்லை. அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறோம் என்று உறைத்தது. ஊர் மைதானத்து ஸ்பீக்கர் சத்தம் தண்ணீருக்குமேல் தெளிவாக வந்தது. தவளைகள் கத்தின. எனக்கு எல்லாம் கேட்டது. அவளுக்குக் காதும் இல்லை, இப்போது கண்ணும் தெரியவில்லை. அந்தப் படகில் அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாளை என்றால் ஒரு வாரத்துக்கா, ஒரேயடியாகவா? நான் என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

தவழ்ந்து போய் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள். என்னை விட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு அவளே என் இரண்டு கைகளையும் பிடித்தாள். பிடித்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி, என் வலது கையை என் பக்கமாக வளைத்து இழுத்தாள். அது 'வருவது'. அப்புறம் அந்தக் கையை விரித்து இடமும் வலமுமாக வீசினாள். அது 'இல்லை'. என் கைகளைக் கொண்டே அவள் எனக்குச் சொல்லிவிட்டாள்: வரமாட்டேன்.

நான் அவள் கைகளைப் பிடித்தேன். பிடித்து, எப்படி மடக்கினேனோ, எப்படி நிமிர்த்தினேனோ, அவள் விரல்களால் சொன்னேன்: நானும் வாரேன்.

அவள் கைகள் என் கைகளுக்குள் அப்படியே இருந்தன. பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து என் மூக்கின் பக்கவாட்டில் வைத்தாள். அது மூக்குத்தி. எங்களுக்குள் அம்மாவின் பெயர் அதுதான். அத்தை என்ன ஆவாள் என்று கேட்கிறாள். அப்பா போன பிறகு அம்மா இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கரையிலிருந்து அண்ணன், "டேய், லைட்டு என்னாச்சு?" என்று கத்துகிறவரை இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். நானும் என் சட்டைகளை அந்தப் பையிலேயே வைத்தேன். பேட்டரியை பாயிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று வாசலில் வைத்துக் கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே, கம்பைச் சுற்றி, மஞ்சளும் சிவப்புமாக ஓடு மாதிரி என்னவோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். இரண்டு கம்பிலும் தாராளமாக அப்பியிருந்தது. நேற்றுப் பொழுது சாய்கிற அவசரத்தில் ஏதோ அழுக்கென்று நான் மேலாகத் துண்டால் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறேன். சோக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சந்தனம்தான் கரண்டைத் தடுத்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்மா, பேட்டரிக் கம்புலயா சந்தனத்த அப்புவ? பெட்டியில வச்சாப் பத்தாதா?" என்று கத்தினேன். அம்மா திகைத்துப்போய் அருகில் வந்தாள்.

"அதுல வைக்கக் கூடாதாப்பா? எனக்கு என்ன தெரியும்" என்றாள். "நீதான அன்னைக்கு அண்ணங்கிட்டச் சொன்ன, இதுதான் அந்தப் புள்ளைக்கு வாயின்னு. மாட்டுக்கு வைக்கிறோம், மம்பட்டிக்கு வைக்கிறோம். எம் மருமக வாய்க்கு நான் பொட்டு வைக்க வேணாமா?"

என் மனைவி பையோடு நிலைப்படியில் நின்று எங்கள் இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். நல்ல வெயில். நான் ஒன்றுவிடாமல் அவளுக்குக் கையால் சொன்னேன். அவள் குனிந்து அந்தக் காய்ந்த சந்தனத்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, தன் மூக்கின் பக்கவாட்டில் விரலை வைத்தாள்.

"என்னடா சொல்லுது?" என்றாள் அம்மா.

"அது ஒம் பேரும்மா. அவ வச்சது."

"எனக்குப் பேரு வச்சிருக்கா?" என்று கேட்டு, அம்மா மெல்லத் தன் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மருமகளைப் பார்த்து அதையே மறுபடி செய்தாள். நான்காவது வார்த்தை அது.

அன்று மத்தியானம் நாங்கள் மாமா வீட்டுக்குப் போனோம். பொங்கலுக்குப் போகிறவர்கள் மாதிரி போய், இருந்துவிட்டுத் திரும்பினோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணி அதன்பிறகும் சிரித்தாள். அம்மா கடைசிவரை அவளோடு சரளமாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மருமகளிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், பட்டப்பகலானாலும், முதலில் போய் லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துதான் கையைத் தூக்குவாள். அம்மா சாகும்வரை அந்தப் பழக்கம் இருந்தது.

பிறகு நாங்கள் வேலைக்காக நாகமலை புதுக்கோட்டைக்கே வந்துவிட்டோம். படகு எங்கே போனதோ தெரியாது. டியூப் லைட்டுகள் போய் எல்இடி வந்தது. பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் கட்டிய வீடுகளில் பாதிக்கு நான்தான் வயரிங். எனக்குச் சர்க்கரை வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அது என் கண்களை எடுத்துக்கொண்டது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தொழில் நினைவுக்கு வரவில்லை. அவள் கைகளை இனி எப்படிப் பார்ப்பேன் என்றுதான் நினைத்தேன். அவளுக்குக் காது இல்லை, எனக்குக் கண் இல்லை. நடுவில் என்ன மிச்சம்?

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தினாள். "கண்மாய் ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

இப்போது அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். நான் காற்றில் கையசைத்துப் பேசுவேன், அவள் பார்த்துக்கொள்வாள். அவள் என் கைகளைப் பிடித்துப் பேசுவாள். இதைக்கூட நான் வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. அவள் திரையில் படித்துப் பார்த்து, தப்பிருந்தால் என் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். அந்தப் பட்டி ஒரு விரல்கடை சாயவில்லை, இரண்டு விரல்கடை என்று இப்போதும் சண்டை.

எங்களுக்கு இங்கே மாடு இல்லை. ஆனாலும் மாட்டுப் பொங்கலன்று அவள் அம்மாவைப் போலவே கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருவாள். என் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. இன்வெர்ட்டர் பேட்டரியின் கம்பை மட்டும் தொடமாட்டாள். இந்த வருஷமும் அவள் கொலுசு ஒவ்வோர் இடமாக நின்று நின்று போவதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொலுசு என் முன்னால் வந்து நின்றது. நெற்றியில் விபூதி வைக்கப்போகிறாள் என்று முகத்தை நிமிர்த்தினேன். அவள் என் கைகளை இழுத்து விரித்து வைத்தாள். இரண்டு உள்ளங்கையிலும் சில்லென்று சந்தனம் பட்டது. அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

கையை மூடாதே என்று மணிக்கட்டைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சந்தனம் காயும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.